கயிற்றுக்கு இந்தப் பக்கம்

ஒரு ஊரில் ஒரு கடல் இருந்ததாம், அந்தக் கடலுக்கு ஒரு நாள் வேலி போட்டார்களாம், வேலிக்குக் காவலாக அந்த ஊரிலேயே சத்தம் போடத் தெரியாத ஒருத்தனைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்களாம். தாத்தா சொல்லியிருந்தால் இப்படித்தான் தொடங்கியிருப்பார். தொடங்கிவிட்டு நிறுத்துவார். நாங்கள் உம் கொட்ட வேண்டும். உம் கொட்டாவிட்டால் கடலும் நகராது, வேலியும் நகராது, காவல்காரன் நின்ற இடத்திலேயே நிற்பான். நானும் நிற்கிறேன். தை அமாவாசை. வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் மணலுக்குள் குளிர் போகவில்லை, மேல்மணல் சுடுகிறது, பெருவிரலை உள்ளே நுழைத்தால் ராத்திரிப் பனி அங்கே ஒளிந்து படுத்திருக்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். சவுக்குக் கம்புகள் வரிசையாக, அவற்றின் இடுப்பில் நீல நைலான் கயிறு, ஒவ்வொரு கம்பின் தலையிலும் ஒரு சிவப்புத் துணி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நான், என் கையில் ஒரு கைமைக். விடியும்போது அது பேசியது. அப்புறம் கரகரத்தது. இப்போது அதை வாயில் வைத்தால் என் மூச்சுதான் எனக்கே திரும்பி வருகிறது. விசிலாவது கொடுங்கள் என்று பேரூராட்சி சூப்பர்வைசரிடம் கேட்டேன். "விசில் அடிச்சா பஸ் கிளம்புதுன்னு நெனச்சு எல்லாவனும் ஓடிருவான், சும்மா வாயால சொல்லுலே கஸ்பார்" என்றார். வாயால். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் வாத்தியார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிவார், வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா என்பார், வகுப்பு சிரிக்கும். அந்த வாயால். ரோட்டில் ஆட்டோ போகிறது. பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. யாரோ ஒரு பெண்ணின் குரல், பதிவு செய்த குரல், அதற்குத் தயக்கமே இல்லை. இன்றும் நாளையும் நமது கடற்கரைப் பகுதிகளில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதால் பொதுமக்கள் யாரும் கடலில் இறங்கவோ நீராடவோ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், கேட்கிறார்களா என்பதைப் பற்றி அந்தக் குரலுக்குக் கவலை இல்லை, அது அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது, கடல் அதைக் கேட்டபடியே பளபளவென்று கிடக்கிறது, இஸ்திரி போட்டு விரித்த பட்டு மாதிரி. இதுதான் எனக்குப் பயம். புயலென்றால் பரவாயில்லை. புயலுக்குப் பேர் வைக்கிறார்கள், துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், காற்றே வந்து கதவைத் தட்டி உள்ளே போ என்கிறது, மழை ஓட்டு மேலே நின்று கத்துகிறது, எவனும் கடற்கரைக்கு வரமாட்டான், என்னைப்போல் ஒருவன் தேவையே இல்லை. கள்ளக்கடலுக்கு அதெல்லாம் கிடையாது. மேகம் இருக்காது, காற்று இருக்காது, திருடன் மாதிரி நல்ல வெளிச்சத்தில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும்.

வந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இரண்டில் கடலைத்தான் நம்பினார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் தூங்காமல் வந்தவர்கள், அம்பாசமுத்திரத்திலிருந்து, கடையத்திலிருந்து, செத்துப்போன தகப்பனுக்கும் பாட்டனுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுக் கடலில் மூன்று முங்கு முங்கிவிட்டுப் போக வந்தவர்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சாஸ்திரிகள் உட்காரவைத்து, தர்ப்பையும் எள்ளும் கொடுத்து, மூன்று தலைமுறைப் பேரைச் சொல்லச் சொல்கிறார், பிண்டம் பிடிக்கச் சொல்கிறார். அதுவரை சரி. அதற்கப்புறம் எல்லாருக்கும் முகம் கடல் பக்கம் திரும்புகிறது. ரோட்டோரம் தண்ணீர் லாரி நிறுத்திக் குழாய் போட்டிருக்கிறது, அங்கே குளித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால், "எங்க வீட்டுலயும் குழா இருக்கு தம்பி" என்றாள் ஒருத்தி. அவள் பேர் ஆவுடையம்மாள் என்று பிறகு தெரிந்தது, பஸ்ஸிலிருந்த எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், குழந்தைகள்கூட. விடியற்காலையில் இரண்டு பேர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து போனார்கள், நான் வேண்டாம் அண்ணாச்சி என்றேன், என்னவே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முங்கி எழுந்து பல் கிடுகிடுக்க வந்து, "ஒண்ணும் இல்லியே, சுகமா இருக்கே" என்று சிரித்தார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். நான் ஓடி ஓடிக் கயிற்றைத் தாழ்த்திப் பிடித்தேன். என்னோடு காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் இருவரும் கூட்டம் நெரிகிற கோயில் பக்கம் போய்விட்டார்கள். அப்போதுதான் ஆவுடையம்மாள் முங்க முடியாத கோபத்தில், கையில் மிச்சமிருந்த ஊதுபத்தியை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். மணலில் குத்தினால் சாய்கிறது. ஒரு வாழைப்பழத்தில் குத்தி, பழத்தைக் கம்பின் அடியில் வைத்தாள். வைத்தவளுக்கு அந்த இடம் வெறுமையாகத் தோன்றியிருக்கும்போல. விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கம்பில் தேய்த்தாள், சந்தனத்துக்கு மேல் குங்குமம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் போய் கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவர் வந்து அந்தக் கம்பைப் பார்த்தார், தலைமேல் சிவப்புத் துணியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். அதற்கடுத்த கம்பில் யாரோ எலுமிச்சம்பழம் சொருகினார்கள். ஒரு முழம் பூ வந்தது. பிறகு சின்னக் குழந்தையோடு ஒருத்தி வந்து, "தம்பி, இது என்ன சாமி?" என்று கேட்டாள். இது சாமி இல்லை அக்கா, பேரூராட்சிக் கம்பு, நேற்று சாயங்காலம் நான்தான் குழி தோண்டி நட்டேன், துணி சூப்பர்வைசர் வீட்டுப் பழைய திரைச்சீலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு முன்னால், ஓடி வந்த ஒரு பையனை அவன் மாமன் சட்டையைப் பிடித்து இழுத்தார், "சாமி கயிறுடா, தாண்டாத, கால் முடங்கிரும்." பையன் நின்றான். விடிந்ததிலிருந்து நான் சொல்லி நிற்காத கால் ஒன்று அங்கே நின்றது. வாயை மூடிக்கொண்டேன். மூடினது சரியா. மூடினது பொய்யா. பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டேன், அதுவும் பொய்யின் தம்பிதானே, அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எப்படிச் சொல்வது, சாமி, நான் ஒரு சவுக்குக் கம்பைச் சாமியாக விட்டுவிட்டேன். அவர் சிரித்துவிடுவார். சிரித்துவிட்டு மண்டியிட வைப்பார். சாஸ்திரிகள் எள் கிண்ணத்தை மூடிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பேசாம இரும் ஓய். என் வாய்க்கும் அடங்கலை, உம்ம வாய்க்கும் அடங்கலை. அது வாயில்லாமலே சாதிச்சுடுத்து பாரும்."

சாதித்துவிட்டது. ஒருவரும் தாண்டவில்லை. கூட்டம் கயிற்றின் ஓரமாகவே வந்து, கும்பிட்டு, ஊதுபத்தி குத்தி, குழாயில் குளித்துவிட்டுப் போனது, எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று, வேலை இல்லாதபோதுதான் தலைக்குள் எல்லாம் வருகிறது. இந்த மாதிரி எச்சரிக்கை போன வருஷமும் ஒன்று வந்தது. வள்ளங்களையெல்லாம் கோயில் மதில் வரைக்கும் இழுத்து ஏற்றினோம், அப்பா தோள்பட்டை பிசகிப் படுத்தார், ஊரே கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தது, கடல் எங்களைப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. டீக்கடையில் ஒரு மாசத்துக்கு அதே பேச்சு. யாராவது தும்மினால், கள்ளக்கடல் வருதுலே, கட்டிலத் தூக்கி மேல போடு என்பார்கள். இன்றைக்கும் ஒன்றும் வராவிட்டால்? அடுத்த தடவை இந்தக் கயிறு எத்தனை பேரை நிறுத்தும்? அதனால் வரவேண்டும். சின்னதாக, யாருக்கும் ஒன்றும் ஆகாமல், எல்லாரும் பார்க்கும்படி, ஒரே ஒரு அலை. இந்த நினைப்பு வந்ததும் அதை நானே பார்த்துவிட்டேன். என்ன நினைத்தேன் நான். வா என்றா சொன்னேன். வரக்கூடாது என்று சொல்வதற்குக் கூலி வாங்குகிறவன், வா என்று உள்ளுக்குள் கூப்பிடுகிறேன், நான் சொன்னது சரி என்று ஆகவேண்டும் என்பதற்காகக் கடல் எழுந்திருக்க வேண்டுமாம். கையைத் துடைத்துக்கொண்டேன். கையில் ஒன்றும் இல்லை. அந்த அலை எனக்குத் தெரியும். சின்ன வயசில் இதே கரையில் கடல் ஒரு மத்தியானம் பின்னால் போயிற்று, யாரோ பாயைச் சுருட்டி இழுக்கிற மாதிரி, அது போன இடத்தில் ஈர மணல் கண்ணாடியாக மின்னியது, சிப்பிகள், உயிருள்ள சங்குகள், துள்ளுகிற சின்ன மீன். நாங்கள் எல்லாரும் ஓடினோம். ஓடாமல் யார் இருப்பார்கள். அவ்வளவு நாளும் கடல் தன் அடியில் வைத்துக்கொண்டிருந்ததை எடுத்துக்கோ என்று திறந்து காட்டினால்? என் கால்சட்டைப் பை நிறைய சிப்பி. சத்தமே கேட்கவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் உடம்பில் இருக்கிறது, அலை அடித்தது இல்லை, மூக்கில் ஏறிய உப்பு இல்லை, யாரோ என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியது இல்லை, அதற்கு முன்னால் இருந்த அந்த அமைதி. காதுக்குள் யாரோ பஞ்சு வைத்த மாதிரி. எல்லாரும் கரை சேர்ந்துவிட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் பையில் சிப்பிகூட மிச்சமிருந்தது. ஆனாலும் நல்ல வெயிலும் அமைதியும் சேர்ந்து வந்தால் என் தலைமுடி தானாக இழுக்கிறது. இப்போது இழுக்கிறது. உச்சி வெயில். சாஸ்திரிகள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பஸ்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, ஆவுடையம்மாள் ஜன்னலிலிருந்து கம்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காகங்கள் பிண்டத்துக்குச் சண்டை போடுகின்றன. கரையில் ஒரே ஒரு ஆள்.

அவர் ரொம்ப நேரமாக அங்கே இருந்திருக்க வேண்டும், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, கூட்டம் கலையட்டும் என்று. ஐம்பதைத் தாண்டிய ஆள், கறுப்புச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் மஞ்சப்பை. எழுந்து வந்தவர் கம்பின் முன்னால் நின்று சந்தனத்தையும் எலுமிச்சம்பழத்தையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னை. "ஏ தம்பி, இது பஞ்சாயத்துக் கம்புதானவே?" எனக்கு அழுகை வருகிற மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. "ஆமா அண்ணாச்சி. கம்புதான். நாந்தான் நட்டேன்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நெனச்சேன். காலைல இருந்து பாக்கேன், ஒருத்தன் செருப்பக் கழத்துதான், ஒருத்தி பூ வைக்கா. அடுத்த வருசம் கோயில் கட்டிருவானுவ, நீ பூசாரி. உன் பேரு என்ன?" "கஸ்பார்." "கஸ்பார் பூசாரி. நல்லா இருக்கு." சிரித்துக்கொண்டே குனிந்து கயிற்றைத் தூக்கினார். நான் கயிற்றை இந்தப் பக்கமிருந்து பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் அண்ணாச்சி." "என்னது?" "இறங்க வேண்டாம்." "சத்தமா சொல்லுடே." நான் சொன்னதையே சொன்னேன், அதே சத்தத்தில், வேறு சத்தம் என்னிடம் இல்லை. அவர் கயிற்றை விட்டார், ஆனால் போகவில்லை. சங்கரன்கோயில் பக்கம், பேர் கோமதிநாயகம், பஸ் பட்டறையில் வேலை என்று அவராகவே சொன்னார், எதற்கோ தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது போல. "நமக்கு சாமி பூதம் ஒண்ணும் கெடையாது. எள்ளு, தர்ப்பை, ஐயர் ஒண்ணும் கெடையாது. எங்க அம்ம கடலப் பாத்ததில்ல. சினிமால பாத்ததோட சரி. வருசா வருசம் தை அமாவாசைக்கு, ஏ ராசா, ஒருக்க என்னக் கடலுக்குக் கூட்டிட்டுப் போ, ஒங்க அய்யாவுக்காக ஒரு முங்கு முங்கிட்டு வந்துருதேன்பா. வருசா வருசம் நான் மூடநம்பிக்கைன்னு அவளுக்கு வகுப்பெடுப்பேன். நல்லா எடுப்பேன். போன ஆவணில போயிட்டா." மஞ்சப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சேலை, மடித்து, அரக்குக் கலர், வெளுத்தது. "இது மட்டும் ஒருக்க முங்கட்டும். நான் முங்குதது முங்காதது வேற. இதப் புடிச்சிக்கிட்டு ஒரு முங்கு. அஞ்சு நிமிசம். நீ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நில்லு." என்ன சொல்வது நான். கம்பைக் கும்பிட்டவர்கள் எல்லாரும் பத்திரமாகப் பஸ் ஏறிவிட்டார்கள். இது வெறும் கம்பு என்று கண்டுபிடித்த ஒரே ஆள் இவர்தான், நான் காலையிலிருந்து யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய உண்மையைச் சொன்னவர், அந்த உண்மையின் வழியாகவே நேராகத் தண்ணீருக்குப் போகிறார். இவருக்கும் சாமி என்று சொல்லிவிடலாமா. சொன்னால் சிரிப்பார். "செய்தி வந்துருக்கு அண்ணாச்சி. தெற்க எங்கயோ காத்து அடிச்சிருக்காம். அந்த அலை இன்னைக்கு இங்க வருமாம்." "எங்கயோ அடிச்ச காத்துக்கு இங்க அலை வருமோ?" "ஆமா." "நீ அந்தக் காத்தப் பாத்தியா?" "இல்ல." "அத அனுப்புனவனப் பாத்தியா?" "இல்ல." "அப்போ இதுவும் சாமி கததான தம்பி" என்றார், கேலியாகக்கூட இல்லை, பாவம் பார்க்கிற குரலில், கயிற்றைத் தாண்டினார்.

தாண்டினதும் கடல் பின்னால் போயிற்று. அவர் காலுக்குப் பயந்து ஒதுங்கின மாதிரி, பாயைச் சுருட்டின மாதிரி, அதே மாதிரி. ஈர மணல் மின்னியது. அவர் திரும்பி, "பாத்தியா, வழி விடுது" என்று கையைக் காட்டிவிட்டுப் பையிலிருந்து சேலையை எடுத்து உதறினார், அது காற்றே இல்லாத வெயிலில் தொங்கியது. என் தலைமுடி இழுத்தது. காதில் பஞ்சு. கத்து. கத்துடா. வாயைத் திறந்தேன், வாத்தியார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார், வகுப்பு சிரித்தது, கைமைக்கைத் தூக்கினேன், என் மூச்சு எனக்கே வந்தது. காலையில் வா என்று கூப்பிட்டேனே. நான்தான் கூப்பிட்டேன். வேண்டாம், வராதே, நான் பொய்யனாகவே இருக்கிறேன், டீக்கடையில் ஒரு வருஷம் சிரிக்கட்டும். ஓடிப்போய்ப் பிடித்து இழுக்கலாம், பட்டறைக்காரர், என்னைப் போல் இரண்டு மடங்கு, உதறினால் விழுவேன், விழுந்தால் இரண்டு பேர் அந்தப் பக்கம். எப்படி அது வந்தது என்று தெரியவில்லை, வாய் கதையைத்தான் எடுத்தது, அதற்குத் தெரிந்தது அதுதான். "தெற்க ஒரு கடல் இருந்ததாம் அண்ணாச்சி" என்றேன். அவர் திரும்பினார். "என்ன?" "ரொம்பத் தெற்க. நம்ம ஆளு ஒருத்தரும் போகாத எடம். அங்க மலையெல்லாம் பனியாம்." "ஒண்ணும் கேக்கல வே, சத்தமா சொல்லு." "அங்க போன வாரம் ஒரு காத்து எந்திரிச்சுதாம்." கேட்கவில்லை என்று இரண்டு எட்டு இந்தப் பக்கம் வந்தார். நான் குரலை ஏற்றவில்லை. ஏற்ற முடியவில்லை என்பது வேறு, அந்த நேரத்தில் ஏற்றக்கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் இறக்கினேன். "அந்தக் காத்து கடலப் புடிச்சு ஒரு தள்ளு தள்ளிச்சாம்." நிறுத்தினேன். கதை சொல்கிறவன் நிறுத்துகிற இடம் அது. சங்கரன்கோயிலிலும் கதைகள் இருக்கும், அங்கேயும் யாரோ இவரை மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள், அந்த அம்மாவே சொல்லியிருப்பாள். "உம்" என்றார். அவருக்கே தெரியாமல். இன்னும் ஒரு எட்டு வந்தார். "தள்ளிட்டு காத்து செத்துப்போச்சாம்." "உம்." "காத்து செத்துப்போச்சு, ஆனா தள்ளின தள்ளு சாகலையாம். அது பாட்டுக்கு நடக்குதாம். நடுக்கடல்ல அதுக்கு உசரமே கெடையாது அண்ணாச்சி, வள்ளத்துல தூங்குதவன் மேல அது போனாலும் அவன் முழிக்க மாட்டான், தொட்டில் ஆட்டுன மாதிரி இருக்கும். ராப்பகலா நடக்குதாம். கரை வந்தாத்தான் அதுக்குக் காலு தட்டுமாம். காலு தட்டுனா எந்திரிச்சு நிக்குமாம்." அவர் கயிற்றருகில் வந்துவிட்டார். கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. சேலை தோளில் கிடந்தது. "காத்து செத்துப்போச்சு," என்றார், தனக்குள் கணக்குப் போடுகிறவர் போல, "தள்ளு சாகல." நான் உம் என்றேன். "எங்க அம்ம மாதிரி" என்றார். கயிற்றுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார், எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை, முகத்தைக் கடலுக்குக் காட்டாமல் இருக்க வந்திருக்கலாம். பட்டறை எண்ணெய் ஏறிய விரல்களால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் வந்தது. உயரமாக இல்லை, சத்தமாக இல்லை, விரித்த பாய் மாதிரி, ஆனால் பாய்க்கு அவ்வளவு வேகம் இருக்காது. அவர் சேலையை உதறின இடத்தைத் தாண்டியது, அந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது, மேலே பார்த்தால் வெறும் நுரை, கலங்கல். கயிற்றுக்கு அடியில் நுழைந்து, எங்கள் கணுக்கால் வரைக்கும் ஏறி, ஊதுபத்தி குத்தின வாழைப்பழங்களையெல்லாம் தூக்கி மிதக்கவிட்டு, என் காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு திரும்பியது. திரும்பும்போது மட்டும் இழுத்தது. கயிறு வில்லாக வளைந்தது. சந்தனம் பூசின கம்பு சாய்ந்தது. கணுக்கால் தண்ணீருக்கு அந்த இழுப்பு. நான் அவர் முழங்கையைப் பிடித்தேனா அவர் என்னைப் பிடித்தாரா தெரியவில்லை. பிறகு அவர் அவசரமாக உட்கார்ந்தார், மிச்சமிருந்த தண்ணீர் போய்விடுவதற்குள், தோளிலிருந்து சேலையை எடுத்து முந்தியை மட்டும் நீட்டி அதில் வைத்தார். நனைந்தது. அரக்கு, ஈரத்தில் தன் பழைய நிறத்துக்குப் போயிற்று. மூன்று தடவை தொட்டு எடுத்தாரா என்று நான் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நில் என்று சொல்லியிருந்தாரே, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் மறுபடி பட்டு மாதிரி கிடந்தது. "இவ்வளவுதானா?" என்றார் எழுந்து. "இவ்வளவுதான் போல அண்ணாச்சி." "இதுக்கா காலைல இருந்து இந்தப் பாடு?" இதற்கா. இதற்குத்தான். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து ஏதாச்சும் வந்துச்சாலே என்று கேட்பார், ஒண்ணும் வரல என்பேன், அவர் தலையை ஆட்டுவார், டீக்கடையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அந்தப் பக்கம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, எனக்கும் தெரியாது, தெரியாமல் இருக்கட்டும். ஆனால் இந்த ஈரக் கால்கள் நடுங்குவது எனக்குத் தெரிகிறது. அவருடைய காலும் நடுங்குகிறதா என்று கீழே பார்த்தேன். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

சேலையைப் பிழியவில்லை. பிழிய வேண்டாம் என்று நினைத்தார்போல. அப்படியே ஒரு கையில் தொங்கவிட்டு, மஞ்சப்பையை மறு கையில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர் நின்றார். சாய்ந்த கம்பைப் பார்த்தார். "சாமி சாஞ்சு போச்சே கஸ்பாரு." வந்து, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பைப் பிடித்து நிமிர்த்தி, அடியில் ஈர மணலைக் காலால் தள்ளி மிதித்து, இன்னொரு தடவை மிதித்து, ஆட்டிப் பார்த்தார். பட்டறையில் எதையும் இப்படித்தான் ஆட்டிப் பார்ப்பார் என்று இருந்தது. ஆடவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கதையின் மிச்சத்தைச் சொல்லவில்லை, மிச்சம் இருந்ததா என்றும் தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை. "போயிட்டு வாரேன்" என்றார். உம் என்றேன். கையைத் துடைக்காமல் நடந்தார், கவிழ்த்த வள்ளத்தைத் தாண்டி, காகங்களைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டியபடி, நனைந்த முந்தியிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி மேல்மணலில் விழுந்து உடனே உள்ளே போயிற்று, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.